தள்ளுவண்டி உணவுக்கடைகள் உரிமத்துக்குள் வர உள்ளாட்சி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் தெருவில் உணவு விற்பவர்களை உரிமம் பெற்ற தொழில்முனைவோராக மாற்ற நினைக்கிறது. முகாம் நடத்தினார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், ஆனால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேறு என்ன உதவி செய்தால் வருவார்கள்? கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கட்டணத்தைக் குறையுங்கள், பயிற்சி கொடுங்கள் என்று இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது.

முதலில் வியாபாரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் இன்று நிற்கிற இடம் அவருக்குச் சொந்தமில்லை, நாளைக்கு அங்கே நிற்க விடுவார்களா என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் பெயர், முகவரி, போன் நம்பர், கடை போடும் இடம், என்ன சமைக்கிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குகிறோம். அதையும், போன மாதம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன அதே அலுவலகத்திலேயே கொடுக்கச் சொல்கிறோம். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். இது இருந்தால் இனி வண்டியை எடுக்க மாட்டார்களா என்று கேட்டால், அது வேறு பிரிவு, எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். இந்த நிலைமையில் விண்ணப்பிக்காமல் ஒதுங்கி இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. விழிப்புணர்வு போதவில்லை, படிப்பு இல்லை, அதனால்தான் வரவில்லை என்று அதிகாரிகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. எதில் லாபம், எதில் ஆபத்து என்று தினமும் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவர்கள் அவர்கள், இதையும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே பணம், பயிற்சி எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுக்க வேண்டியது இடத்துக்கான உறுதி. கணக்கெடுப்பில் பெயர் ஏறிய யாரையும், முறையான இடமும் சான்றும் கொடுக்கும்வரை அப்புறப்படுத்த மாட்டோம் என்று நகராட்சி எழுத்தில் கொடுத்து, நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். இந்தியாவில் 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அடிப்படை உரிமைக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு காத்திருந்துதான் 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அது வைத்திருக்கும் வரிசை. முதலில் கணக்கெடுப்பு, அடுத்து இன்ன இடத்தில் விற்கலாம் என்று அனுமதிக்கும் விற்பனைச் சான்றிதழ். இரண்டும் முடியும்வரை இருக்கிறவர்களை வெளியேற்றக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தெரு வியாபாரம் பற்றிய முடிவுகளுக்காக ஊர்தோறும் அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பல ஊர்களில் அந்தத் தேர்தலையே நடத்தாமல் விட்டுவிட்டார்கள், அது பெரிய குறை. குழு உயிரோடு இல்லாத ஊரில் மற்ற எந்த உதவியும் ஆளைப் போய்ச் சேராது.

சிங்கப்பூரும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் போனது. 1968-69-இல் தீவு முழுக்கத் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, தற்காலிக உரிமம் கொடுத்து, அவர்களைத் தெருவிலேயே தொடர விட்டார்கள். 1971-இலிருந்துதான் குழாய்த் தண்ணீர், சாக்கடை இணைப்பு, குப்பை வசதி எல்லாம் உள்ள உணவு வளாகங்களைக் கட்டிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோனார்கள். சுமார் 18,000 பேரை முழுதாகக் குடியமர்த்த 1986 ஆகிவிட்டது. இன்று அந்த வளாகங்களைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் ஒன்று கட்டிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் அந்தப் பதினைந்து வருடத்தை மறந்துவிடுகிறார்கள். 2020-இல் யுனெஸ்கோ அந்த வளாகங்களின் உணவுக் கலாச்சாரத்தை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்தில் சட்டி வைத்திருந்தவர்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டதுதான் அதற்கு ஆரம்பம்.

கணக்கெடுப்பு என்றதும் காலை பத்து மணிக்கு இரண்டு ஊழியர்கள் ஒரு தெருவில் நடந்துவிட்டு வருவதாக நினைக்காதீர்கள். உணவு வியாபாரம் நேரத்தைப் பிடித்து ஓடுகிற தொழில். விடியற்காலையில் ஒருவர் விற்றுவிட்டுப் போன அதே இடத்தில் மாலையில் வேறு ஒருவர் நிற்பார், இரவு பத்துக்கு மேல் மூன்றாவது ஆள். பகலில் மட்டும் எண்ணினால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள், அப்படி விட்டுப்போனவர்கள் பிறகு ஆயுசுக்கும் "ஆக்கிரமிப்பாளர்" ஆகிவிடுவார்கள். ஒரே இடத்தை நேரம் பிரித்து இரண்டு மூன்று பேருக்குச் சான்று கொடுக்க விதியில் வழி வைக்க வேண்டும். இன்னொன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிற கடை என்றால் இருவர் பெயரையும் எழுதுங்கள். சமைக்கிறது ஒருவர், சான்று இன்னொருவர் பெயரில் என்று இருந்தால், சான்று உள்ளவருக்கு உடம்புக்கு முடியாமல் போகிற நாளில் கடையே சட்டவிரோதமாகிவிடும்.

அடுத்தது எத்தனை உரிமம் என்பது. இதில் உலகத்துக்கே பாடம் நியூயார்க்தான். அங்கே 1983-இல் உணவு வண்டி பெர்மிட்டுகளுக்கு சுமார் 3,000 என்று உச்சவரம்பு வைத்துவிட்டு, பல பத்தாண்டுகள் அதைத் தொடவே இல்லை. காத்திருப்போர் பட்டியல் நிரம்பி, 2007-இல் அதையும் மூடிவிட்டார்கள். விளைவு என்ன? நகரம் இரண்டு வருடத்துக்குச் சுமார் 200 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்த பெர்மிட், கள்ளச்சந்தையில் 20,000 டாலருக்கும் மேல் உள்வாடகைக்குப் போனது. பெர்மிட் வைத்திருந்தவர் அடுப்புப் பக்கமே வருவதில்லை. வெயிலிலும் பனியிலும் நின்றவரிடம் சொந்தமாக ஒரு காகிதமும் இல்லை. 2021-இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு ஒரு நல்ல மாற்று வைத்தது: பத்து வருடத்துக்கு ஆண்டுதோறும் 445 புதிய உரிமங்கள், அதுவும் வண்டிக்கு இல்லாமல் ஆளுக்கு. உரிமம் பெற்றவர் வியாபாரம் நடக்கும்போது வண்டியில் நேரில் இருந்தாக வேண்டும். எண்ணிக்கை இன்னும் போதாது என்று அங்குள்ள வியாபாரிகள் போராடிக்கொண்டே இருந்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஆளோடு உரிமத்தைக் கட்டிவைத்த யோசனையை எந்த நகராட்சியும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதைவிட மிகக் குறைவான உரிமம் அச்சடித்தால், தெருவில் கூட்டம் குறையாது, நடுவில் தரகர்தான் முளைப்பார். இந்தியச் சட்டம் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை இடம் கொடுக்கச் சொல்கிறது, வியாபாரத்துக்கு என்று ஒதுக்கிய ஒரு மண்டலத்தில் கொள்ளவில்லை என்றால் குலுக்கல் போட்டு, விடுபட்டவர்களுக்குப் பக்கத்து மண்டலத்தில் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இந்தக் கடைசி வரியை நிறைய ஊர்களில் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உணவுப் பாதுகாப்புக்கு வருகிறேன், எனக்கு அதிகம் ஆதங்கம் இருப்பதும் இங்கேதான். பெரும்பாலான ஊர்களில் சுகாதார விதிகள் நாலு சுவர் உள்ள உணவகத்தை மனதில் வைத்து எழுதினவை. அதை ஒரு வண்டிமேல் ஏற்றினால் வண்டி நகராது. கலிஃபோர்னியாவில் 2018-இல் நடைபாதை வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிச் சட்டம் போட்டு, 2019 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். இனி எல்லாரும் பெர்மிட் வாங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். உணவு வியாபாரிகளால் முடியவில்லை. ஏனென்றால் மாநில உணவுச் சட்டம், சமைத்து விற்கும் வண்டிக்குப் பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, கை கழுவத் தனித் தொட்டி, காற்றுப்போக்கி என்று கேட்டது. அதையெல்லாம் வைத்தால் நடைபாதையில் ஒருவர் தள்ளிக்கொண்டு போகிற அளவில் வண்டியே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான பேர் விற்றுக்கொண்டிருக்க, பெர்மிட் வாங்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சதவீதம்தான். பிறகு 2022-இல் அந்த உணவுச் சட்டத்தையே திருத்தி, சிறு வண்டிகளுக்கு என்று தனி வகை உருவாக்கி, தேவைகளைத் தளர்த்தினார்கள். 25 சதுர அடிக்குள் பரப்பி, முழுப் பழமும் கெடாத பொட்டலப் பண்டமும் மட்டும் விற்கிறவருக்குச் சுகாதாரப் பெர்மிட்டே வேண்டாம் என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2024-இல் விற்பனை அனுமதியின் ஆண்டுக் கட்டணத்தையும் 291 டாலரிலிருந்து 27 டாலர் சொச்சத்துக்கு இறக்கியது. தெருவில் நிற்பதைக் குற்றமில்லை என்று சொல்வது ஒரு சட்டம், அடுப்பு வைக்க அனுமதிப்பது இன்னொரு சட்டம். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு உட்கார்ந்தால் இப்படி வருடக்கணக்கில் இழுக்கும்.

ஆபத்தைப் பொறுத்து வகை பிரிப்பதுதான் சரியான வழி. முழுப் பழம் விற்பவர், கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்கச் சமைத்துக் கொடுப்பவர், வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து மணிக்கணக்கில் வைத்திருந்து விற்பவர், இந்த மூன்று பேருக்கும் ஒரே படிவம் கொடுப்பது அநியாயம். கொதிக்கிற சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகிற உணவு பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆபத்து அதிகம் மூன்றாமவரிடம், காரணம் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற ஐந்து விதிகளும் இதைச் சுற்றித்தான்: சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைப்பது, முழுதாக வேகவைப்பது, சரியான சூட்டில் வைப்பது, நல்ல தண்ணீரும் நல்ல பொருளும். பயிற்சியை இந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்டபத்தில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டாமல், வண்டி நிற்கிற இடத்துக்கே போய், வியாபாரம் சூடுபிடிக்கும் முன்னால் அரை மணி நேரம் செய்து காட்டினால் நிச்சயம் மனதில் நிற்கும்.

ஒரு வண்டியில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும் தெரியுமா? அடிப்பக்கம் குழாய் வைத்த மூடிய தண்ணீர் கேன், ஆளின் இடுப்பு உயரத்துக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற பக்கத்தில். அதன் கீழே அழுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு வாளி. சோப்பு கயிற்றில் தொங்கினாலும் சரி, பாட்டிலில் இருந்தாலும் சரி. காசு வாங்குகிற கையும் உணவு எடுக்கிற கையும் ஒன்றாக இருக்கிறதா, இல்லை இடுக்கி அல்லது கரண்டி இருக்கிறதா? பச்சை இறைச்சி வெட்டுகிற பலகையிலேயே வெங்காயமும் நறுக்குகிறாரா? எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா, கேஸ் சிலிண்டருக்கும் அடுப்புக்கும் இடைவெளி இருக்கிறதா, கேஸ் குழாயில் விரிசல் இருக்கிறதா? கண் பழகிய சுகாதார ஆய்வாளருக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. ஒரு பக்கத்தில் அடங்குகிற, படம் போட்ட சரிபார்ப்புத் தாளாக இதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஆய்வுக்கு வருவதற்குள் பாதி சரியாகிவிடும். எதைப் பார்ப்பார்கள் என்று தெரியாததுதான் மாமூலுக்கு வழி விடுகிறது.

வண்டிகளை மானியத்தில் கொடுக்கிற திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல எண்ணம், ஆனால் அடிக்கடி வீணாகிறது. பளபளவென்று எவர்சில்வரில் ஒரே மாதிரி நூறு வண்டி செய்து வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஆறு மாதத்தில் அது எங்கேயாவது ஓரத்தில் நிற்கும், பழைய வண்டி மறுபடி தெருவுக்கு வந்திருக்கும். அடுப்பின் உயரம் சமைக்கிறவரின் தோளுக்கு ஒத்துவராது, காற்று அடித்தால் தீ அணையும், தனியாளாகத் தள்ள முடியாத எடை, வீட்டுச் சந்துக்குள் நுழையாத அகலம், ராத்திரி நிறுத்த இடமில்லை. வடிவமைப்பதற்கு முன்னால் வியாபாரிகள் நாலு பேரையாவது கூப்பிட்டு ஒரு மாதிரி வண்டியில் ஒரு வாரம் சமைக்கச் சொன்னால் இதெல்லாம் முதலிலேயே தெரிந்துவிடும். இன்னும் நல்லது, நகராட்சி மூன்று நான்கு வரைபடங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து, இதில் எந்த ஒன்றின்படி உள்ளூர் பட்டறையில் செய்துகொண்டாலும் ஆய்வில் கேள்வி இல்லை என்று அறிவித்து, மானியத்தை வியாபாரி கையில் கொடுத்துவிடுவது. பழைய வண்டியில் மூடியும் தண்ணீர் கேனும் பொருத்தினாலே போதும் என்றால் அந்தச் சின்னத் தொகையை அதற்கும் கொடுக்கலாம்.

சரி, அலுவலக நடைமுறை. ஒரு உணவு வண்டிக்கு இடத்துக்கான அனுமதி வேறு, உணவுப் பதிவு வேறு, சில ஊர்களில் தொழில் உரிமம், தீயணைப்பு, போக்குவரத்து என்று தனித்தனி. இந்தியாவில் இது தினமும் குழப்புகிற விஷயம்: உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியவர் தனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்று நம்பி வண்டியில் ஒட்டி வைத்திருப்பார், ஆனால் அது அவர் நிற்கிற இடத்துக்கு எந்த உரிமையும் தராது. அதற்கு விற்பனைச் சான்றிதழ் தனியாக வேண்டும். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே ஆளிடம் கொடுக்க வைப்பது நகராட்சியின் பொறுப்பு. அதைவிடச் சிக்கல் தடையில்லாச் சான்று. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஓரம் ரயில்வேயுடையது, நடைபாதை நகராட்சியுடையது என்றால், வண்டிக்காரர் மூன்று அலுவலகம் ஏறி இறங்க முடியாது. விற்பனை மண்டலம் என்று அறிவிப்பதற்கு முன்பே துறைகள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசி அந்த இடத்துக்கான ஒப்புதலை மொத்தமாக வாங்கி வைத்துவிட வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருந்தது, எல்லா ஊர்களும் கவனிக்கத்தக்கது. சிறு உணவு வியாபாரிக்கு முழு உரிமம் வேண்டாம், எளிய பதிவு போதும். அந்த விதிகளில் ஆண்டுக் கட்டணம் 100 ரூபாயாக இருந்தது. விண்ணப்பம் வந்த 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். 30 நாளாகியும் எந்த முடிவும் சொல்லவில்லை என்றால் வியாபாரத்தைத் தொடங்கிக்கொள்ளலாம். காலக்கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்கிற இந்த ஒரு வரி, கோப்பை மேஜையில் தூங்க வைக்கிற பழக்கத்துக்கு நேரடி மருந்து. ஆனால் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னதும் கணினி மையத்துக்காரர் கையில் மாட்டி, நூறு ரூபாய்ப் பதிவுக்குப் பல மடங்கு கொடுத்துவிட்டு வந்தவர்கள் நிறைய. அதனால்தான் உதவி மேஜை வேண்டும் என்கிறேன். அலுவலகத்தில் போட்டுவைத்த மேஜை இல்லை. டேப்லெட்டும் கேமராவும் எடுத்துக்கொண்டு, வியாபாரிக்கு ஓய்வான நேரத்தில் வண்டிக்கே போய், அங்கேயே போட்டோ எடுத்து, படிவம் நிரப்பி, ரசீது எண்ணை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு வருகிற ஓர் ஆள். காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து விற்றுவிட்டுப் பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவரை அலுவலக நேரத்தில் வரச் சொன்னால், அவர் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்கு முகவரிச் சான்று இருக்காது. வியாபாரிகள் சங்கத்தின் கடிதம் அல்லது கணக்கெடுப்பு ரசீதையே சான்றாக ஏற்க வேண்டும்.

இடத்தை ஒதுக்கிவிட்டால் மட்டும் போதாது, அதற்கு வசதி வேண்டும். குழாய்த் தண்ணீர், எண்ணெய்க் கழிவு வடிகட்டும் குழி, மின்விளக்கு, தினமும் இரண்டு வேளை குப்பை எடுப்பது, கழிப்பறை. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாத் திட்டத்திலும் விட்டுப்போகிறது. பத்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லையென்றால் அவர் தண்ணீரே குடிக்காமல் நிற்பார், கை கழுவும் பாடத்தை அவருக்கு எந்த முகத்தோடு நடத்துவது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பு என்று லட்சக்கணக்கானோர் பேருந்தும் ரயிலும் மாறுகிற ஒரு பெரிய இடம் இருக்கிறது. அங்கே மாட்டுத்தலையை வேகவைத்து விற்கும் பெண்களின் கழிவுநீரும் கொழுப்பும் மழைநீர்க் கால்வாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. அவர்களை விரட்டாமல், நகராட்சி அவர்களோடு பேசி, அந்தச் சமையலுக்கு என்றே அடுப்பு மேடையும் கழிவுநீர் ஏற்பாடும் உள்ள இடம் அமைத்துக் கொடுத்தது. பிரச்சினை கொழுப்பு என்று கண்டுபிடித்தார்கள், கொழுப்புக்குத் தீர்வு செய்தார்கள். எங்கே குறை என்று அருகே போய்ப் பார்த்தால் செலவும் அவ்வளவு ஆகாது. அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைக் கடைகளுக்கு 2018-இல் இந்தியாவின் முதல் சுத்தமான தெரு உணவு மையம் என்ற சான்று கிடைத்ததும், ஏற்கெனவே மக்கள் கூடுகிற இடத்திலேயே தரத்தை உயர்த்தியதால்தான்.

கூட்டம் இல்லாத இடத்தில் கட்டிடம் கட்டி மாற்றுகிற தவறை மட்டும் செய்ய வேண்டாம். தெரு உணவு வாங்குகிறவர் தேடிக்கொண்டு வருகிறவர் இல்லை, போகிற வழியில் நிற்கிறவர். இருநூறு மீட்டர் தள்ளிப்போனாலே பாதி வியாபாரம் போய்விடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வாடிக்கையாளரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தோனேசியாவின் சோலோ நகரில் பிற்பாடு அதிபரான ஜோக்கோ விடோடோ மேயராக இருந்தபோது, 2006-இல் ஒரு பூங்காவிலிருந்து 989 வியாபாரிகளை இடம் மாற்றினார். அவர்கள் பழைய பொருள் விற்றவர்கள், உணவு இல்லை. ஆனாலும் முறை இங்கே பொருந்தும். மாதக்கணக்கில் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பேசிப் பேசி, கடையை இலவசமாகக் கொடுத்து, புது இடத்துக்குப் பேருந்து வழித்தடம் கொண்டுவந்து, விளம்பரமும் செய்து, ஊர்வலமாக அழைத்துப்போனார். தடியடி தேவைப்படவில்லை.

பணம் விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம்தான். முதல் வருடக் கட்டணம் வாங்காதீர்கள், பிறகு மாதத் தவணையில் வாங்குங்கள். கடனுக்கு இந்தியாவின் பிரதமர் ஸ்வநிதி திட்டம் நல்ல மாதிரி. 2020 ஜூனில் பிணையில்லாமல் 10,000 ரூபாயில் தொடங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று ஏறும்படி வைத்தார்கள், 7 சதவீதம் வட்டி மானியமும் உண்டு. 2025-இல் முதல் இரண்டு தவணைகளை 15,000, 25,000 என்று உயர்த்தி, திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, உணவு வியாபாரிகளுக்குச் சுகாதாரப் பயிற்சியையும் அதோடு சேர்த்தார்கள். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடுதான் இதில் ரொம்பப் பெரிய உதவி. தினக்கந்துக்கு வாங்கிப் பொருள் போடுகிறவர் அதிலிருந்து வெளியே வந்தால்தான் மூடியும் கேனும் வாங்குவதைப் பற்றியே யோசிப்பார். வரி பயத்தையும் முகாமிலேயே போக்கிவிடுங்கள்: எந்த வருமானம் வரை எதுவும் கட்ட வேண்டாம் என்று எழுதி ஒட்டுங்கள். அப்புறம், உரிமத்தால் கிடைக்கிற நிஜமான லாபத்தைக் காட்டுங்கள். உணவு டெலிவரி செயலியில் சேரலாம், விழாக்களுக்கு ஆர்டர் எடுக்கலாம். நகராட்சியே தன் கூட்டங்களுக்கும் ஊழியர் சாப்பாட்டுக்கும் உரிமம் உள்ள வண்டிக்காரர்களிடம் வாங்கலாமே. அந்த ஓர் ஆர்டர், பத்து விழிப்புணர்வுப் பலகையைவிட அதிகம் பேசும்.

உரிமம் கொடுத்த பிறகு நடத்துகிற விதமும் உதவியில் சேர்ந்ததுதான். உதவி செய்கிற ஊழியரும் பறிமுதல் செய்கிற ஊழியரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சின்னக் குறைக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஒரு வாரம் கழித்து மறு ஆய்வு, அதற்கும் சரியாகவில்லை என்றால் அபராதம். கெட்டுப்போன இறைச்சி, அசுத்தத் தண்ணீர் மாதிரி உயிருக்கு ஆபத்தான விஷயத்துக்கு மட்டும் உடனே நிறுத்தம். 2014 சட்டம், பறிமுதல் செய்தால் பொருள் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் என்று சொல்கிறது. சான்றிதழின் நிபந்தனைப்படி வியாபாரம் செய்கிறவரைக் காவல்துறையோ வேறு அதிகாரியோ தடுக்கக் கூடாது என்றும் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தப் பிரிவுகளைச் சான்றிதழின் பின்பக்கத்திலேயே, உதவி எண்ணோடு, வியாபாரி படிக்கிற மொழியில் அச்சடித்துக் கொடுங்கள். மாமூல் கேட்டு வருகிறவரிடம் திருப்பிக் காட்ட அவருக்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கேட்ட நகராட்சிக்கு என் யோசனை: ஊர் முழுக்க முகாம் போடுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு தெருவை எடுங்கள், உணவு வண்டி அதிகம் உள்ள தெருவாக. மூன்று நேரத்திலும் எண்ணி, அப்புறப்படுத்த மாட்டோம் என்ற கடிதத்தை முதலில் கையில் கொடுங்கள். தண்ணீர்க் குழாயும் விளக்கும் குப்பை வண்டியும் வந்த பிறகு படிவத்தை நீட்டுங்கள். அந்தத் தெருவில் நடப்பதைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் தாங்களாகவே கேட்டு வருவார்கள், வியாபாரிகளுக்குள் செய்தி பரவுகிற வேகம் எந்த நோட்டீஸுக்கும் வராது. எத்தனை உரிமம் கொடுத்தோம் என்ற எண்ணை வருட அறிக்கையில் போடாதீர்கள், அது முகாம் நடத்தினாலே ஏறிவிடும். இரண்டாவது வருடம் எத்தனை பேர் அதே இடத்தில், அதே பெயரில் புதுப்பித்தார்கள் என்று எண்ணுங்கள். புதுப்பிக்காதவர்களைத் தேடிப்போய்க் காரணம் கேட்டு எழுதி வாங்குங்கள், அடுத்த வருடத் திட்டத்தை அந்தத் தாள்களிலிருந்து தொடங்கலாம்.